தூரிகையை நீட்டியவள்

"உங்கள் அம்மாவுக்கு ஓவியம் தீட்டத் தெரியுமா?"

அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்குப் பொறுப்பான மனிதர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோப்பி ஊற்றத் தொடங்கினார். மேசையில் என் அம்மாவின் முகம் கிடந்தது. பச்சைக் கன்னம், சிவப்பு நெற்றி, கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாம்பல் பட்டை. ஓவியத்தின் புகைப்படம்தான். பட்டையைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

தெரியாது என்றேன். ஆனால் அந்தப் பட்டையைப் பூசியது அவர்தான், நான் பக்கத்தில் நின்றிருந்தேன் என்றேன்.

நான் என்ன படித்தேன் என்று கேட்டார். ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் என்றேன். "ஆ, கொங்கிரீட்," என்று சிரித்தார்.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஊரில் சண்டை வந்து இரண்டு பேருடைய பள்ளிக்கூடங்களும் அகதி முகாம்களாகிப் போயின. எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கொங்கிரீட்டைப் பார்த்து யாரையும் சிரிக்க விடுகிறவள் அல்ல. அன்றைக்கு விட்டேன். அவர் அடுத்துச் சொன்னது அதைவிடப் பெரியது.

அந்தச் சாம்பல் பட்டையை அகற்றப் போகிறார்களாம். ஓரத்தில் ஓர் அரிசியளவு சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். கீழே பளீரென்ற மஞ்சளில் ஒரு தடித்த சங்கிலி இருக்கிறது. அதுதான் ஓவியர் தீட்டியது. மேலே இருப்பது தேர்ச்சியில்லாத வேறொரு கையின் வேலை, நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒருவேளை ஏதாவது குழந்தையாக இருக்கலாம் என்றார். அதை எடுத்துவிட்டால் மூல ஓவியம் திரும்பக் கிடைத்துவிடும். இன்னும் இரண்டு வாரத்தில் வேலை தொடங்கும்.

மூல ஓவியம் என்று அவர் மூன்று முறை சொன்னார். மூலத்தை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதைத் தீட்டியவள் ஒரு ஜெர்மன்காரி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஃப்ளென்ஸ்போர்க்கில் பிறந்து, எப்படியோ டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹேர்னிங்குக்கு வந்து சேர்ந்தவள். ஏன் ஹேர்னிங் என்று கேட்டால், இங்கே காலித் தொழிற்சாலைகளும் தேவைக்கு அதிகமான வானமும் இருக்கின்றன என்பாள். நூறு வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் சில ஓவியர்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை விட்டுவிட்டு உள்ளே கொதிக்கிற நிறத்தைப் பூசினார்கள். எக்ஸ்பிரஷனிஸ்டுகள். இவள் அவர்களுக்குக் காலம் தாழ்த்திப் பிறந்த தங்கை என்று இப்போது சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவளிடம் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், "அவர்கள் எல்லாரும் செத்துப் போய்விட்டார்கள், எனக்கு இன்றைக்கு வேலை இருக்கிறது," என்பாள்.

காற்றாலைகளைச் சிவப்பில் தீட்டினாள். பன்றிப் பண்ணைகளை ஊதாவில் தீட்டினாள். குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர்களின் கைகளை மட்டும் நீலத்தில் தீட்டி, முகங்களை வெறும் கோட்டில் விட்டாள். வண்ணம் கலக்க அவளிடம் பலகை இல்லை. பாணில் பூசித் தின்கிற ஈரல் பேஸ்ட் வருகிற அலுமினியத் தட்டுகளை நக்காத குறையாக வழித்துத் தின்றுவிட்டு அதில்தான் கலப்பாள். முப்பத்துநான்கு வயதில் இறந்தாள். அவள் உயிரோடு இருந்த வரைக்கும் இந்த அருங்காட்சியகம் அவளுடைய ஒரு படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை.

அம்மா அப்போது ஒரு துப்புரவு நிறுவனத்தில் வேலை செய்தார். பழைய துணித் தொழிற்சாலை ஒன்றை அலுவலகங்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஓர் அறைக்குப் பதினொரு நிமிடம் என்று நிறுவனம் கணக்கிட்டு வைத்திருந்தது. நடையின் கடைசி அறை அவளுடையது. முதல் நாளே அம்மாவின் கையில் இருந்த நிலம் துடைக்கிற கட்டையைப் பார்த்துவிட்டு, துடைக்க வேண்டாம், இருங்கள் என்று கதிரையைக் காட்டினாளாம். அம்மா மறுத்தார். பதினொரு நிமிடத்தில் இந்த அறை முடிய வேண்டும் என்று தன் அரைகுறை டெனிஷில் சொன்னார். அவளுடைய டெனிஷும் அரைகுறைதான். அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

அடுத்த நாள் அம்மா போனபோது நிலம் ஈரமாக இருந்தது. அவளே துடைத்திருந்தாள். "பதினொரு நிமிடம் மிச்சம்," என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அம்மா நிலத்தைப் பார்த்தார். மூலைகளில் அழுக்கு அப்படியே இருந்தது. திரும்பத் துடைத்து முடிக்க ஐந்து நிமிடம் போனது. மீதி ஆறு நிமிடம் உட்கார்ந்தார்.

இப்படித்தான் என் அம்மாவின் படம் வளர்ந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க, நாளுக்கு ஆறு நிமிடம். கடைசிவரை அவள் துடைக்கப் பழகவில்லை. "படிச்ச பிள்ளை, ஒரு மூலையைத் துடைக்கத் தெரியேல்லை," என்று அம்மா வீட்டில் வந்து சிரிப்பார். அவளை அம்மா 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவள் அதற்குத் தவறாமல் திரும்பிப் பார்த்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து யாராவது இது சரியில்லை என்றால், அவள் வாதாட மாட்டாள். தூரிகையை எடுத்து அவர்கள் கையில் திணிப்பாள். "செய்து காட்டுங்கள்."

அது நாடகமில்லை. உண்மையிலேயே செய்யச் சொல்லுவாள். செய்ததை உண்மையிலேயே வைத்துக்கொள்ளுவாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் டர்பன்டைன் மணக்கிறது என்று சண்டைக்கு வந்தார். வந்த இடத்தில் தன் கட்டடத்தின் படத்தைக் கண்டார். என் புகைபோக்கி இப்படிக் கோணல் இல்லை என்றார். அவள் தூரிகையை நீட்டினாள். மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாக்கைக் கடித்தபடி புகைபோக்கியை நேராக்கினார். அடுத்த நாள் யன்னல்களையும் நேராக்க வந்தார். மூன்றாம் நாள் தன் காரையும் வரைந்து சேர்த்தார். "இப்போது இது மோசமான படம்," என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம், "ஆனால் பொய் இல்லை. இவ்வளவு நாளும் இவர் இந்தக் கட்டடத்தை இப்படித்தான் பார்த்திருக்கிறார்." அதை அழிக்கவில்லை. அந்தக் காரோடு அது இப்போது அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. காரின் நையாண்டியைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருக்கிறார்கள். பாவம் அந்த மனிதர், அது அவருடைய புதுக் கார்.

எங்கள் சபையின் பாஸ்டரும் ஒருமுறை அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அம்மா பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து அப்போது நாலு வருடம். அம்மா ஓர் ஓவியக்காரிக்கு முன்னால் உட்காருகிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாஸ்டர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிசாசு பிடித்த முகம் மாதிரி இருக்கிறது சகோதரி என்று அம்மாவிடம் தமிழில் சொன்னார். நான் தேவையில்லாமல் அதை டெனிஷில் மொழிபெயர்த்தேன். அவள் தூரிகையை நீட்டினாள். பாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் கண்டதில்லை. கையை அழுக்காக்க விருப்பமில்லாதவர்கள் வாயையும் திறக்கக் கூடாது என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பாஸ்டருக்கு விளங்கிவிட்டது. இரண்டு மாதம் சபையில் அம்மாவுக்குப் பாட்டுப் பாட இடம் கொடுக்கவில்லை.

அவளைத் தேவதை ஆக்கிவிட நான் இதை எழுதவில்லை. அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அவள் முரட்டுப் பெண். எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவாள். பன்னிரண்டு அப்பத்தில் ஒன்பதைச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் கண்ணைக் குத்துகின்றன என்பாள். என்னையும் ஒரு பிற்பகலில் வரைந்தாள். அப்போது நான் ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம், என் மதிப்பெண்களைத் தவிர உலகத்தில் எதுவும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள். படத்தில் எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற மஞ்சள் முகம். நான் இப்படிக் கோபக்காரி இல்லை என்றேன். தூரிகை வந்தது. பிழை விட்டுவிடுவேன் என்ற பயம். பிழை விட்டால் முட்டாளாகத் தெரிவேன் என்ற பயம். எனக்கு வரையத் தெரியாது என்று தூரிகையை மேசையில் வைத்துவிட்டேன். "அப்படியென்றால் ஒத்துக்கொண்டாய்," என்றாள். இரண்டு வாரம் நான் அவளோடு கதைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பரீட்சையில் தோற்றேன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா தோற்கவில்லை.

பங்குனி மாதம். படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அம்மாவை வந்து பார்க்கச் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். பச்சைக் கன்னத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைப் பற்றியும் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அங்கே மஞ்சளில் ஒரு தாலிக்கொடி தகதகவென்று கிடந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்பா அம்மாவின் கலியாணப் படம் தொங்குகிறது. அப்பம் தின்ன வந்த நேரம் அதிலிருந்து பார்த்து வைத்திருக்கிறாள். ஏன் போட்டாய் என்று நான் கேட்டேன். அந்த இடத்தில் தனக்கு மஞ்சள் தேவைப்பட்டது என்றாள். அவ்வளவுதான் காரணம். என் அம்மாவின் கழுத்து அவளுக்கு மஞ்சள் வைக்க ஓர் இடம்.

ஞானஸ்நானம் எடுத்த அன்று அம்மா தன் கொடியைக் கழற்றினார். அது எங்கள் சபையின் வழக்கம். நகை அணிவதில்லை. சொல்லுவதற்குச் சின்ன விஷயம். ஆனால் அப்பா சபைக்கு வராதவர், மூன்று நாள் அம்மாவோடு கதைக்காமல் இருந்தார். டோஸ்ட்ருப்பில் இருக்கிற மாமா தொலைபேசியில், புருசன் உயிரோடை இருக்கேக்கை என்ன கோலமடி இது என்று கத்தினார். கலியாண வீடுகளில் பெண்கள் அம்மாவுக்குக் குங்குமச் சிமிழ் நீட்டாமல் அடுத்த ஆளுக்குத் தாண்டிப் போனார்கள். அம்மா எல்லாவற்றையும் தாங்கினார். அவருக்காக அவருடைய அப்பா முடிவெடுத்தார், பிறகு சண்டை முடிவெடுத்தது, பிறகு டெனிஷ் அரசாங்கம் முடிவெடுத்தது. வாழ்நாளில் அவர் தானாக எடுத்த ஒரே முடிவு அந்த வெறும் கழுத்து. அதைச் சரி என்றோ பிழை என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்குச் சபையில் பெரிய நம்பிக்கையும் இல்லை. ஆனால் அது அவருடையது.

"நான் கழட்டினது," என்று அம்மா அவளிடம் டெனிஷில் சொன்னார். "இது பொய்."

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். தூரிகையை நீட்டினாள்.

அம்மா வாங்கினார். அலுமினியத் தட்டில் இருந்த நிறங்கள் ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. சுவரோரம் நிலத்துக்குப் பூசுகிற சாம்பல் பெயின்ட் வாளி இருந்தது. போய் அதில் தோய்த்து வந்து, கொடி கிடந்த வழியே கழுத்தைச் சுற்றி ஒரே இழுவையில் இழுத்தார். நிலம் துடைக்கிற கை. மூலைகளையும் விடவில்லை. மஞ்சள் ஒரு பொட்டுக்கூட மிஞ்சவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். படம் இப்போதுதான் முடிந்தது என்றாள். அதற்குப் பிறகு அதில் ஒரு புள்ளியும் வைக்கவில்லை. மூன்று வருடம் அதைத் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தாள். காயுமுன் பட்டையை எடுக்க விரும்பியிருந்தால் ஒரு துணியும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும். அவளிடம் இரண்டும் இருந்தன.

அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் நான் செய்தது ஒன்று. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அம்மா, இதை ஒருத்தரிடமும் சொல்லாதீர்கள், ஒரு படத்தைப் பழுதாக்கினீர்கள் என்று சிரிப்பார்கள் என்று சொன்னேன். பதினெட்டு வயது. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா சொல்லவில்லை. ஒரு குழந்தை பூசியிருக்கலாம் என்று இன்றைக்கு அந்த மனிதர் சொல்லக்கூடியதாக இருக்கிறதென்றால், அதற்கான இடத்தை முதலில் ஒதுக்கிக் கொடுத்தவள் நான்.

அவளுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வலி எவ்வளவு என்று காட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுப்பார்கள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம்வரை வரிசையாக முகங்கள் இருக்கும். கடைசி முகம் பொய் என்று அவள் தாதியோடு சண்டை பிடித்தாள். இந்த முறை நீட்டக் கையில் தூரிகை இல்லை. தாதியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, தானே அந்த முகத்தைத் திருத்தினாள். தாதி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு போனாள். வேறு அட்டை வரவில்லை. அம்மா கட்டிலருகில் முழங்காலிட்டுத் தமிழில் செபித்தபோது, கடவுள் இல்லை என்று சொல்லித் திரிந்தவள், "இன்னும் சத்தமாக. அவருக்குக் காது மந்தமாக இருக்கலாம்," என்றாள். அவள் எங்களோடு கதைத்ததில் எனக்கு ஞாபகமிருக்கிற கடைசி வார்த்தைகள் அவை.

ஏழு வருடம் போனது. இந்த வசந்தத்தில் அம்மா தன் இப்போதைய வேலையிடத்தின் சாப்பாட்டு அறையில் ஓர் இலவசப் பத்திரிகையைப் புரட்டியபோது தன் முகத்தைக் கண்டார். கீழே 'பெயர் தெரியாத அகதிப் பெண்' என்று போட்டிருந்தது. பெயர் தெரியும், நான் சொல்கிறேன் என்றுதான் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். அப்படித்தான் அந்தக் கோப்பி மேசைக்குப் போனேன்.

நடந்ததையெல்லாம் அந்த மனிதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அழகான கதை என்றார். பட்டையை அகற்றிய பிறகு பக்கத்தில் சிறிய எழுத்தில் இந்தக் கதையைப் போடலாம், பட்டையின் புகைப்படத்தையும் பாதுகாத்து வைக்கலாம் என்றார். ஓவியர் தன் கையால் தூரிகையைக் கொடுத்தார் என்று நிரூபிக்க ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால், என்று தோளைக் குலுக்கினார். உரிமையாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஓவியரின் தாயார், வயதானவர், ஃப்ளென்ஸ்போர்க்கில் இருக்கிறார், பத்திரம் அனுப்பியாயிற்று என்றார்.

தாயார் கையெழுத்து வைக்காவிட்டால் பட்டை தப்பும்; அந்த வாயால்தான் எனக்கு வழியும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வழக்கம்போல் நான் டெனிஷில், அவர் தமிழில். நீங்கள் வந்து அந்தத் தாயாரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"வேண்டாம் பிள்ளை. துப்புரவுக்குப் போன இடத்திலை சாமானைத் தொட்டனான் எண்டு எழுதுவினம். இருபத்திரண்டு வருசம் ஒருத்தற்றை மேசையிலை ஒரு பேனையைக்கூட நான் தொட்டதில்லை. இப்ப கடைசியிலை அந்தப் பேர் எனக்கு வேண்டாம்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. வாயை மூடச் சொன்னவளே இப்போது திறக்கச் சொல்கிறாள் என்பதும் விளங்கியது. அவர் பயந்தால் அதில் என் பங்கும் உண்டு. மன்னிப்புக் கேட்க வந்த வாய் கேட்கவில்லை, எனக்கு அது இன்னும் பழகவில்லை. பட்டையை எடுத்தால் என்ன தெரியும் என்று மட்டும் தமிழில் சொன்னேன்.

"கீழை கிடக்கிற கொடி வெளியிலை வரும் அம்மா. எல்லாரும் பாப்பினம்."

கத்தி நின்றது.

"திரும்பப் போடப் போகினமோ?"

"ஓம்."

அம்மா கத்தியை வைத்தார். கைகளைக் கழுவினார். துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவருடைய குரல் உயரவில்லை.

"உவை ஆர் எனக்குத் தாலி கட்ட?"

பிறகு உள்ளே போய் வேதாகமத்தை எடுத்து வந்து, அதற்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை உருவி மேசையில் வைத்தார். அவளுடைய அடக்கத்தில் அவள் தாயார் எழுதிக் கொடுத்த விலாசம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தத் தாயாரை நான் தொலைபேசியில் அழைக்கவில்லை. அழைத்தால் மறுப்பது சுலபம். மூன்று பக்கத்தில் நடந்ததை எழுதினேன். யார் எங்கே நின்றது, வாளி எந்தச் சுவரோரம் இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இழுத்தது என்று கட்டடச் சுவரில் ஒரு வெடிப்பைப் பற்றி அறிக்கை எழுதுகிற மாதிரி எழுதினேன். அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் கையெழுத்து வைத்தார். தபாலிலும் போடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவைக் காரில் ஏற்றினேன்.

எல்லையில் ஜெர்மன் பொலிஸ்காரர் ஒருவர் காரை ஓரங்கட்டச் சொன்னார். கடவுச்சீட்டுகளைப் புரட்டி, எங்கே போகிறீர்கள், எதற்காக என்று கேட்டார். எனக்குப் பள்ளிக்கூட ஜெர்மன் கொஞ்சம் வரும். நான் வசனத்தை மனதில் கூட்டி முடிப்பதற்குள் அம்மா என் பக்கம் சாய்ந்து, யன்னல் வழியாக அவரிடம் டெனிஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அங்கே என்னுடைய படம் ஒன்றைப் பற்றிக் கதைக்க வேண்டும்."

பொலிஸ்காரர் குனிந்து அம்மாவைப் பார்த்தார். கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தார். நான் கியரை மாற்றினேன்.